அனுமதி இல்லன்னா யாருக்கு? திருவள்ளூர் டு கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம் வழியா

திருவள்ளூர்லேர்ந்து கும்மிடிப்பூண்டிக்கு ட்ரெயின்ல போணும்னா மெட்ராஸ் போயி சுத்திக்கினு வரணும். ரோட்ல, பெரியபாளையம் வழியா போனா அம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். காலேஜ விட்டதுலேர்ந்து ஊரு சுத்துறதுதான் எனக்கு வேல, இந்த ரூட்டு அத்துப்படி. நேத்து போனது மட்டும் சுத்துறதுக்கு இல்ல.

காலைல ஒம்பதரைக்கு மாமாவோட சூப்பர்வைசர் போன் பண்ணாரு. மாமான்னா எங்க அக்கா ஊட்டுக்காரரு. கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனில பிரஸ் மெஷின் ஓட்டுறாரு. வலது கை கட்ட வெரலு துண்டாயிடுச்சாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிட்டாங்களாம். "ஆனா அனுமதி இல்லன்றாங்கப்பா"ன்னாரு. லைன் கட்டு. திருப்பி அடிச்சா எடுக்கல.

மணவாள நகர்லேர்ந்து அக்காவ இட்டுக்கினு பஸ் ஸ்டாண்டு ஓடுனேன். பெரியபாளையம் பஸ்ஸு கெளம்ப ரெடியா நின்னுச்சு. சீட்டு இருந்துச்சு, அக்கா ஒக்காரல.

"சேக்க மாட்டேன்ட்டா எங்கடா படுத்துக்கினு இருப்பாரு? வாசல்லயா?"

"அப்டிலாம் போட மாட்டாங்க"ன்னேன். எனக்கே நம்பிக்க இல்ல. வெங்கல் தாண்டியும் அதையே கேட்டுக்கினு இருந்தா.

பெரியபாளையத்துல ஷேர் ஆட்டோ. ஆள் ரொம்பாம எடுக்க மாட்டாங்க. "கோயிலுக்கா நைனா?"ன்னாரு டிரைவரு. விஷயத்த சொன்னேன். "ஐநூறு குடு. எங்கயும் நிறுத்த மாட்டேன்"னாரு. ஆரணி, புதுவாயல், ஹைவே. சொன்ன மாதிரியே நிறுத்தல.

பதினொன்னரைக்கு ஆஸ்பத்திரி உள்ள போனா மாமா கட்டில்ல இருக்காரு, டிரிப் ஏறிக்கினு இருக்கு. அட்மிட்டு எப்பவோ பண்ணிட்டாங்க. அனுமதி இல்லாதது மாமாவுக்கு இல்ல, டாக்டருக்கு.

"டாக்டருக்கே அனுமதி இல்லையா? அப்ப டூப்பா இவரு?"ன்னு கேட்டுட்டேன். நரச்ச தலையோட அந்த சர்ஜன் பக்கத்துலயே நிக்கிறாரு.

ஆஸ்பத்திரி டாக்டருங்களுக்கெல்லாம் தலைமை ஒரு மேடம். அவர விட வயசு கம்மி. "நல்ல சர்ஜன் தம்பி. வயித்து ஆபரேஷன் எல்லாம் சார்தான். ஆனா இங்க யாரு எத பண்ணலாம்னு, படிப்பையும் கைப்பழக்கத்தையும் பாத்து நாங்க முடிவு பண்ணி வெச்சிருக்கோம். அறுந்த வெரல்ல ரத்தக் கொழா சேக்குறதுக்கு சாருக்கு அனுமதி கெடையாது. நான்தான் நிறுத்துனேன். மெட்ராஸ்ல கை சர்ஜன் கிட்ட பேசிட்டேன், ஆம்புலன்ஸ் வருது."

சூப்பர்வைசர் உடல. "போறதுக்குள்ள வெரலு செத்துடும் மேடம். சாரு தச்சிடறேன்னாரு இல்ல?"

அக்கா நேரா சர்ஜன்கிட்ட போயிட்டா. "நீங்க தச்சா ஒட்டுமா சார்?"

அவரு கீழ பாத்தாரு. "தச்சு வெச்சிடுவேம்மா. ரத்தம் ஓடும்னு சொல்ல முடியாது."

"அப்ப வண்டில ஏத்துங்க."

கம்பெனில வெரல நேரா ஐஸ்ல போட்டு அனுப்பிருக்காங்க. அது தப்பாம். சர்ஜன்தான் ஈரத்துணில சுத்தி, கவர்ல போட்டு, அந்தக் கவர ஐஸ்ல வெச்சு அக்கா மடில குடுத்தாரு. மேடத்த ஒரு வாட்டி பாத்தாரு. அவங்களும் பாத்தாங்க.

இந்த ரூட்ல போறவங்களுக்கு: அவசரம்னா பஸ்ஸுக்கு நிக்காதீங்க, திருவள்ளூர்லயே கார் பேசிடுங்க. புதுவாயல் தாண்டி லாரி நெரிசல் ஜாஸ்தி. ஆஸ்பத்திரில யாராவது அனுமதி இல்லன்னா, யாருக்கு, எதுக்குன்னு முழுசா கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி, இத இங்க பண்ண இவருக்கு அனுமதி இருக்கான்னும் கேளுங்க. மெட்ராஸ் டாக்டர் கிட்டயும் கேட்டேன். கோச்சிக்கல, இருக்குன்னு சொன்னாங்க.

இத மெட்ராஸ் ஆஸ்பத்திரி வார்டு வாசல்ல ஒக்காந்து டைப் பண்றேன். வெரல சேத்துட்டாங்க. நர்ஸு மணிக்கு ஒரு வாட்டி கலரு பாக்குறாங்க. ரோஸா இருந்தா ரத்தம் ஓடுதுன்னு அர்த்தமாம். காலைல அப்டித்தான் இருந்துச்சு. இப்ப லேசா நீலம்னு டாக்டர கூப்ட்டு அனுப்பிருக்காங்க. அக்கா இன்னும் ஒக்காரல.