சூடு படாத கட்டி

கோகிலவாணியின் வயிற்றில், தொப்புளுக்கு மேலே மூன்று தழும்புகள் உண்டு. ஐந்து வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது அவளுடைய அப்பா காய்ச்சிய இரும்புக் கம்பியால் இழுத்தவை. "அழுதுகிட்டேதானுங்க இழுத்தாரு" என்பாள். அப்பாவைக் குறைசொல்ல யாரையும் அவள் விட்டதில்லை. அந்தக் கம்பியை மன்னித்ததும் இல்லை.

மலைமேல் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; அவற்றில் வளப்பூர் நாட்டில் பிறந்தவள். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்து, ஆய்வகப் பயிற்சி முடித்து, மலைமேலேயே ஒரு சிறிய கால்நடை மருந்தகத்துக்கு வேலைக்கு வந்தாள். அங்கே மருத்துவர் பணியிடம் நான்கு வருடமாகக் காலி. வாரத்துக்கு ஒருநாள் கீழேயிருந்து ஒருவர் வருவார். மழை பெய்தால் அதுவும் கிடையாது. ஓட்டுக் கேட்க மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வருகிறவர்களுக்கு ஒரு மருத்துவரை ஏற்றி அனுப்ப மட்டும் வழி தெரிவதில்லை. மற்ற ஆறு நாளும் கோகிலவாணியும் ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பும்தான் மருந்தகம். இப்போது அவள் நாமக்கல்லில் இருக்கிறாள். பேருந்து அந்த மருந்தகத்தைத் தாண்டும்போதெல்லாம், ஜன்னலோரம் கண்ணாடிச் சில்லைத் தூக்கி வெயிலில் பார்க்கும் அந்த நீலச் சாயம் படிந்த விரல்களைத் தேடாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

ஏழு வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம், மலையின் இன்னொரு பகுதியான குண்டூர் நாட்டிலிருந்து கண்ணாயி தன் நாய் செவலையை நடத்திக் கூட்டிவந்தாள். கணவன் இல்லாத கண்ணாயியின் மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்காமல் காத்தது அந்த நாய்தான். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. இரண்டின் மேலும் ஆறாத சூட்டுக் காயம்.

"யாருக்கா சூடு வெச்சது?"

"நாந்தான் கண்ணு. ஊசி போட ஆளில்ல. கம்பி இருந்துச்சு."

கோகிலவாணி தாடைக் கட்டியில் ஊசியைக் குத்தி, வந்த துளியைக் கண்ணாடியில் பரப்பி, காயவைத்து, சாயமேற்றிப் பார்த்தாள். சிறிதும் பெரிதுமாகப் பலவகை அணுக்கள்; நடுவே கிருமியோடு சண்டைக்கு ஓடிவரும் வெள்ளணுக்கள் ஏராளம். 'தொற்றாக இருக்கலாம்' என்று சீட்டில் எழுதி மாத்திரை கொடுத்தாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கண்ணாயி வீடு சேர்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சீட்டைப் பத்துப் பேர் படித்துவிட்டார்கள். ஊர்த் திருவிழாவான நோம்பிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஊரின் ஆடு மாடெல்லாம் ஓரிடத்தில் கூடும் நோம்பி. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் மாணிக்கம் சொல்லிவிட்டார்: நோம்பிக்குள் நாயைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாயி வீட்டோடு ஊர் புழங்காது.

மறுநாளே கண்ணாயி திரும்பி வந்தாள். "ஒம்போது வருசமா என் காலச் சுத்தி வந்ததக் கொண்டுபோயி ரோட்டுல உடச் சொல்றாங்க. எல்லாம் நீ எழுதுன சீட்டு."

கோகிலவாணி பழைய கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தாள். பிறகு நாயின் தாடையைப் பார்த்தாள். கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது. அவள் குத்தியது சூடு வைத்த இடத்தில். அந்த வெள்ளணுக்கள் நோய்க்காக வரவில்லை; கம்பி செய்த புண்ணுக்காக வந்தவை. சூடு பட்ட பிள்ளையாக வளர்ந்தவளுக்குச் சூட்டுக்காயத்தைப் பார்த்தும், கேட்டும், அது குத்தக் கூடாத இடம் என்று உறுத்தவே இல்லை. எல்லா உடம்பிலும் இருக்கிற ஒன்றாகத்தான் தோன்றியது.

நாயை உட்காரவைத்து முழுக்கத் தடவினாள். தோளுக்கு முன்னால் ஒரு கட்டி. பின்னங்கால் மூட்டுக்குப் பின்னால் இரண்டு. யாரும் காணாததால் சூடு படாதவை. அங்கே குத்தினாள். இந்த முறை கண்ணாடியில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பெரிய பெரிய அணுக்கள். ஒவ்வொன்றும் சிவப்பணுவைப் போல இரண்டு பங்கு. வேறு வகை தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்று, லிம்போமா. கீழே இருந்த மருத்துவரைப் போனில் கூப்பிட்டாள். உறுதிசெய்யச் சென்னைக்கு அனுப்பச் சொன்னார். கட்டியிலிருந்து எடுத்த நீரும் ரத்தமும் பனிக்கட்டியோடு பிளாஸ்கில் அடைபட்டு, கண்டக்டர் செங்கோடனின் இருக்கைக்கு அடியில் மலையிறங்கின. சென்னையில் அணுக்களை ஒவ்வொன்றாக ஒளிக்கதிரின் முன் ஓடவிட்டு, எந்த இனம், எத்தனை என்று இயந்திரம் எண்ணும். ஆறாம் நாள் பதில் வந்தது. லிம்போமாதான். ரத்தத்தில் புற்றணுக்கள் பெருகவில்லை, ரத்தப்புற்று இல்லை.

நோம்பிக்கு முந்தைய நாள், மைக்ரோஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு குண்டூர் நாட்டுக்குப் பேருந்து ஏறினாள். கோயில் முன் கல்லின் மேல் அதை வைத்து, இரண்டாவது சில்லைச் செருகி, அதன் அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினாள். கூட்டம் கூடியது.

"மொதல்ல எழுதுனது தப்புங்க. என் தப்பு. சூடு வெச்ச எடத்துல குத்திட்டேன்."

"கவர்மென்ட் சீட்டுல தப்பு வருமா?" என்றார் மாணிக்கம்.

"வருமுங்க. திருத்துன சீட்டும் கவர்மென்டுதுதான்."

அவர் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றக் கண்ணாலும் பார்த்தார். "எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குது. இது அடுத்ததுக்கு ஒட்டாதா?"

"ஒட்டாதுங்க. உங்க தல நரைச்சது பக்கத்து ஊட்டுக்கு ஒட்டுச்சுங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாணிக்கம் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார். "என் நரை உன்னைய என்ன பண்ணுச்சு புள்ள? சரி, நாயி பொழைக்குமா?"

"பொழைக்காதுங்க. மாத்திரையில ரெண்டு மூணு மாசம் ஓடும்."

"அப்பறம் எதுக்கு இத்தன பாடு?"

கோகிலவாணி வாய் திறக்குமுன் கண்ணாயி சொன்னாள்: "எங்கூட்டுல கெடந்து சாகறதுக்குங்க."

மாணிக்கம் "இருந்துட்டுப் போவுது" என்று சொல்லி நடந்தார்.

கம்பியைப் பிடித்த கைகளை ஏசுவது எளிது. நாய்க்குக் கட்டி வந்தால் காட்ட ஒரு மருத்துவர் இல்லாத இடத்தில், கம்பியைத் தவிர கண்ணாயிக்கு யார் எதைக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியை மேலதிகாரிகளுக்குக் கோகிலவாணி மூன்று முறை மனுவாக எழுதினாள். பதிலாக வந்தது நாமக்கல்லுக்கு மாற்றல் உத்தரவு.

செவலை நோம்பியன்று பலாமரத்தடியில் படுத்துக் கறி தின்றது. ஐப்பசி மழையில், கண்ணாயியின் அடுப்போரத்தில் செத்தது. அந்தக் கம்பி இன்னும் அதே அடுப்போரத்தில்தான் சாய்ந்திருக்கிறது. பலாக்கொட்டை சுடும்போது கண்ணாயி அதைக் கொண்டு தணலைக் கிளறுகிறாள்.