ஃப்ரீசருக்கு மூன்று சாவிகள்

டார்லீன் ப்ரோகோப் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. இன்று பனி கொட்டாது என்று வானொலி சொன்னால், முதல் வேலையாக மண்வெட்டியை எடுத்துக் காரில் போட்டுக்கொள்வாள். கனடாவின் வின்னிபெக்கில் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. மறதி நோயை ஆராயும் ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடம் அவளை எல்லோரும் மதித்ததே அந்தக் குணத்துக்காகத்தான்.

இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளையை அரைத்து, சின்னக் குழாய்களில் ஊற்றி, எண் ஒட்டி, ஃப்ரீசரில் நிமிர்த்தி உறையவைப்பது அவள் வேலை. எந்த எண் யாருடையது என்பது சோதனை செய்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். எண் ஒட்டியவளுக்கு மட்டும் தெரியும். அவற்றில் ஒரு பெட்டி அவளுடைய தம்பி ஸ்டெஃபானுடையது.

தனக்கும் வந்த மறதி நோய் முற்றுவதற்கு முன்பே அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். "செத்த பிறகும் உன் ஃப்ரீசர்லதான் கிடக்கணும்னு என் தலையெழுத்து. கெட்டுப்போக விட்டுடாதே, டார்லீன்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பெல்லாம் போயிற்று. ஓட்டுவது மறந்துபோய் யாரையாவது இடித்துவிடுவானே என்று அவனுடைய டிரக் சாவியை அவள் வாங்கி வைத்த அன்று, "திருடி!" என்று கத்தினான். சாகும்வரை அவளைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை.

ஜனவரியில் ஒருநாள் தம்பியின் பெட்டியைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. நிமிர்த்தி வைத்த குழாயில் மேற்பரப்பு சமமாக உறைந்திருக்க வேண்டும். ஐந்தாறு குழாய்களில் அது சாய்ந்து கிடந்தது. யாரோ வெளியே எடுத்து, இளகவிட்டு, சத்தமில்லாமல் திரும்பச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒருமுறை இளகியது சோதனைக்கு உதவாது.

ஃப்ரீசருக்கு மூன்றே சாவி. ஒன்று அவளிடம். ஒன்று கூடத்தின் தலைவர் ஆர்னோ ஃப்ரீசனிடம். மூன்றாவது எமில் தெரியோவிடம். போன வருடம் கியூபெக்கிலிருந்து வந்த இளம் ஆராய்ச்சியாளன். வேறு யாராக இருக்கும்? அவன்தான் எல்லோருக்கும் முன்னால் வருகிறான். பட்டாணி சூப்பைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குடிக்கிறான். அவள் உள்ளே போனால் பேச்சை நிறுத்துகிறான். அவனுடைய முடிவுகளோ ஒழுங்கென்றால் அப்படி ஒரு ஒழுங்கு! எந்தக் குழாய் யாருடையது என்று தெரிந்துகொண்டுதான் செய்கிறானோ?

நேரே ஆர்னோவிடம் போனாள். "எமில்கிட்டேருந்து சாவியை வாங்கிடுங்க, ஆர்னோ. ஸ்டெஃபான் பெட்டியில கை வைக்கிறான்."

"அப்படியா? நல்ல வேளை சொன்னே. இன்னிக்கே வாங்கிடறேன்."

வாங்கவில்லை. மறுநாள் கேட்டால், "எந்தச் சாவி?" என்று சிரித்தார். ஓஹோ, இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினாள். அன்றிலிருந்து ஆர்னோ காப்பி கொடுத்தால்கூட வாங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வந்து, பக்கத்து அறையில் விளக்கைப் போடாமல் நின்றாள். எமில் வந்தான். மேசைமேல் கிடந்த குழாய்களைப் பொறுக்கினான். ஃப்ரீசரைத் திறந்தான்.

"கையும் களவுமா மாட்டினியா!" என்று பாய்ந்தாள்.

குழாய்கள் அவன் கையிலிருந்து சிதறின. "கத்தாதீங்க, டார்லீன்! அவர் வர்ற நேரம்."

"யாரு வந்தா எனக்கென்ன? என் தம்பியை எதுக்குடா எடுத்தே?"

"நான் எடுக்கலை. நான் திரும்ப வைக்கிறேன்." அவன் குரல் உடைந்தது. "ஆர்னோ ஞாயித்துக்கிழமையில வந்து ஏதோ செய்யணும்னு எடுக்கிறார். எதுக்கு எடுத்தோம்னு மறந்து, அப்படியே போட்டுட்டுப் போயிடறார். இலையுதிர் காலத்துலேருந்தே இப்படித்தான்."

டார்லீன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இளகினதைத் திரும்ப வெச்சா ஆச்சா? அது என்ன கஞ்சியா, சுட வெச்சுக் குடிக்க? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"யார்கிட்ட சொல்ல? உங்ககிட்டயா? நீங்கதான் என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தீங்களே. அதோட, ஊர்ல உள்ளவங்க மறதியை எல்லாம் கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். அவருக்கே இதுன்னு எந்த வாயால சொல்றது?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. "எந்தச் சாவி?" என்று அவர் கேட்டபோது, வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் மறதி என்று உடனே புரிந்திருக்கும். ஆர்னோ என்பதால் சூழ்ச்சி என்று நினைத்தாள்.

கதவு திறந்தது. தொப்பியில் பனியோடு ஆர்னோ வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, ரெண்டு பேரும் எனக்கு முன்னாடியே வந்தாச்சா!" கோட்டைக் கழற்றியவர், சட்டைப் பையில் எதையோ தடவி எடுத்தார். "டார்லீன், இது உன்னுதா பாரு. என் பையில எப்படி வந்துச்சுன்னே தெரியலை."

அவள் வாங்கினாள். தம்பியின் எண். குழாய் ஆர்னோவின் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஸ்டெஃபான் எப்படி இருக்கான்?" என்றார் ஆர்னோ. "ஞாயித்துக்கிழமை ஹாக்கி பார்க்க வரச் சொல்லேன்."

ஸ்டெஃபானின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறைவரை வந்தவர்களில் அவரும் ஒருவர். எமில் திரும்பிச் சுவரைப் பார்த்தான். டார்லீனுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் ஃப்ரீசர் பெட்டியில் இன்னும் நல்ல குழாய்கள் இருந்தன. பார்த்துக்கொள் என்று தம்பி அவளிடம்தான் சொல்லியிருந்தான்.

"சொல்றேன்" என்றாள். கையை நீட்டினாள். "ஃப்ரீசர் சாவியை என்கிட்ட குடுங்க, ஆர்னோ."

"எதுக்கு?"

"நான் பத்திரமா வெச்சுக்கறேன்."

சிரிப்பு மெல்ல அணைந்தது. கழுத்தில் தொங்கிய சாவியை அவர் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, ஓரடி பின்வாங்கினார். எமிலைப் பார்த்தார், பிறகு அவளை.

"உனக்கு எதுக்கு என் சாவி?" என்றார். "ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பண்றீங்க?"

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.