ஒச்சாயிக்கு ஒரு ஜோடிக் கால் வேண்டும்

திருப்பூரில் கால்களுக்கா பஞ்சம்? காலையில் பனியன் கம்பெனி வேன்களிலிருந்து திமுதிமுவென்று இறங்குவதெல்லாம் கால்கள்தானே. ஆனால் ஒச்சாயி கைக்கு ஒன்றுகூடச் சிக்கவில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் செக்‌ஷனில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவள். இனி நிற்கமாட்டேன் என்று முட்டி சொல்லிவிட்ட பிறகு, உட்கார்ந்து செய்கிற தொழிலாக ஒன்றைப் பிடித்தாள். பாதத்தில் அழுத்தம் கொடுக்கிற ரிஃப்ளெக்ஸாலஜி. அந்தப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்குகிறதே, அதற்கு எங்கே அழுத்துவது என்று முதல் நாளே வகுப்பில் கேட்டு வைத்தாள்.

வகுப்பு நூல் கடை மாடியில். நடத்துகிற ரோஸ்மேரிக்கு ஒச்சாயியின் மகள் வயசுதான். ஆனால் கறார் பேர்வழி. நகம் வெட்டாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவாள்.

"நோயைத் தீர்ப்பேன்னு வாய் தவறிக்கூடச் சொல்லாதீங்க. காலுக்கு இதம் குடுக்கறோம், அவ்வளவுதான். மொதல்ல கேளுங்க, அப்பறம் பாருங்க. சந்தேகம் வந்தாத் தொடவே கூடாதுங்க."

பரீட்சைக்கு ஆளை அவரவரே கூட்டி வர வேண்டும். அங்கேதான் வந்தது வினை. அவள் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் எல்லோருமே அவளுக்கு இளையவர்கள். காலை நீட்டச் சொன்னால் தேள் கொட்டினாற்போல மடக்கிக்கொண்டார்கள்.

"ஏனுங்க, பெரியவங்க நீங்க போயி என்ற காலத் தொடறதாவது! பாவமுங்க." தொடாத காலுக்கே ஒருத்தி கண்ணில் ஒற்றிக் கும்பிட்டாள்.

கடைசியில் அகப்பட்டவர் பனியன் கம்பெனியில் துணி தேய்க்கிற அயர்ன் மாஸ்டர் மயில்சாமி. ஒச்சாயிக்கு மூத்தவர், அதனால் பாவக் கணக்கு இல்லை. பரீட்சையன்று நாற்காலியில் ஜம்மென்று சாய்ந்துகொண்டார்.

"நின்னு நின்னு காலு மரக்கட்டையாட்டம் ஆயிப்போச்சு அம்முணி. நல்லா அழுத்து."

"சுகர் இருக்காண்ணே?"

"டீயில ரெண்டு ஸ்பூன்."

ரோஸ்மேரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஒச்சாயி சிரிக்கவில்லை. பனியனைப் புரட்டுவதுபோல் பாதத்தை டியூப்லைட்டுக்கு நேரே திருப்பினாள். குதிகாலில் ஏதோ மின்னியது. உடைந்த தையல் ஊசியின் முனை. சுற்றிலும் சிவந்து, ஈரம் கசிந்திருந்தது.

கம்பெனியில் ஊசி உடைந்தால் துண்டெல்லாம் சேரும்வரை அந்த மெஷின் ஓடாது. துணியில் தேடுவார்கள், தரையில் காந்தம் வைத்துத் தேடுவார்கள். வெறுங்காலோடு நிற்கிற மனுஷன் காலில் தேட எவருக்கும் தோன்றவில்லை.

"வலிக்கலயாண்ணே?"

"எது? ஒண்ணுந் தெரியலையே. நீ அழுத்து."

தெரியாததுதான் பயமாக இருந்தது. கண்ணை மூடச் சொல்லி விரல் விரலாகத் தொட்டாள். எந்த விரல் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இந்தக் காலை விட்டால் வேறு கால் இல்லை. தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் எவரும் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். குதிகாலை விட்டுவிட்டு மீதியில் செய்து காட்டினால்தான் என்ன என்று மனசு ஒரு தரம் நைஸாகக் கேட்டது. ஒச்சாயி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"இதுல கை வைக்கமாட்டேண்ணே. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தத்துல சக்கரையும் பாக்கச் சொல்லுங்க."

"அட, ஊசியப் புடுங்கிப்போட்டு அழுத்து அம்முணி!"

"புடுங்குறது டாக்டரு வேல. ஒத்த அடி நடந்தீங்க, மிச்சக் காலையும் நானே ஒடிச்சுப்புடுவேன்."

ஆட்டோவுக்கும் அவர் மகனுக்கும் ரோஸ்மேரி போன் போட்டாள். இரண்டு பேர் அவரைத் தூக்கிப் போய் ஏற்றும்வரை, அவருடைய பிய்ந்த செருப்பை ஒச்சாயி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க செஞ்சது ரொம்பச் சரிங்க்கா," என்றாள் ரோஸ்மேரி. "ஆனா அழுத்திக் காட்டாம நான் எப்படித் தேத்தறது? அடுத்த பேட்ச்ல வாங்க."

ஒச்சாயி நகரவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்தாள். காலி நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க டீச்சர்."

"நானா? அய்யய்யோ, எங்கம்மா வயசுங்க உங்களுக்கு!" ரோஸ்மேரியின் பாதங்கள் சேலைக்குள் ஓடி ஒளிந்தன.

"பாவ புண்ணியத்த ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாத்துக்கங்க. இங்க நான் தொழில் பண்ண வந்திருக்கேன். நீட்டுங்க."

ரோஸ்மேரி தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

"சுகர், பிரஷரு?"

"இல்லீங்க."

"மாசமா இருக்கீங்களா?"

"அக்கா! எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

"கேக்கணும்ண்டு நீங்கதான சொன்னீங்க. பதில் வராமத் தொடமாட்டேன்."

"இல்லீங்க," என்றாள் டீச்சர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல.

ஒச்சாயி அந்தப் பாதத்தை விளக்குக்கு நேரே திருப்பி, விரலிடுக்கெல்லாம் நிதானமாகப் பார்த்து முடித்தாள்.

"வலிச்சாச் சொல்லணும். பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கட்டை விரலை ஊன்றினாள்.