அண்ணன் இறுக்கிய திருகு

என் அண்ணனுக்கு எதையும் இறுக்கி வைத்தால்தான் நிம்மதி. ஒரகடத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. லைனில் வண்டி நகர்ந்து வரும். போல்ட்டை எடுத்து, கழலாமலிருக்க மரையில் சிவப்புப் பசை தொட்டு, கருவி 'டிக்' என்று சத்தம் போடும்வரை இறுக்கி, தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். கோடு இல்லாமல் எதுவும் அடுத்த ஆளிடம் போகக்கூடாது. அந்தப் பழக்கம் எங்கள் வாடகை அறைக்கும் வந்துவிட்டது. மின்விசிறி, கட்டில், குக்கர் கைப்பிடி, எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு. கேலி செய்தால், "ஆடாம நிக்குல்லா?" என்பான். அவன் கை பட்ட எதுவும் ஆடியதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

நான் அதே சாலையில் இன்னொரு கம்பெனியில் செல்போன் பாகம் பொருத்துகிறவள். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் துப்பாக்கி சுடுகிறவள். தூத்துக்குடியில் கல்லூரியில் படித்தபோது ஏர் ரைபிள் பழகினேன். இங்கே வந்தபிறகு விடுமுறை நாட்களில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, அங்கிருந்து ரயிலேறி, சென்னையில் ஒரு கிளப்பில் போய் சுட்டுவிட்டு வருவேன். நான் இடதுகைக்காரி. கிளப்பில் இடதுகை துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எனக்கென்றே கொடுத்து வைத்திருந்தார் பயிற்சியாளர்.

முதல்முறை அதை அறைக்குக் கொண்டுவந்த அன்று கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா படிக்கட்டிலேயே மறித்துவிட்டாள். "இன்னாமா இது, துப்பாக்கிய தூக்கினு வூட்டுக்குள்ள வர்ற? நாளைக்கி போலீசு வந்து நின்னா நான் இன்னா பதில் சொல்றது?" இது காற்றுத் துப்பாக்கி, விளையாட்டுக்கானது என்று விளக்கிச் சொன்னேன். உள்ளே வைக்கலாம், சுடக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டாள். அதனால் அறையில் நான் சுடுவதில்லை. சுவரில் கறுப்புப் பொட்டு ஒட்டி, அதைக் குறி பார்த்து நிற்பதோடு சரி.

மாநில அணிக்கான தேர்வுப் போட்டி நெருங்கியது. என் வயதுப் பிரிவில் எனக்கு அது கடைசி வருடம். அணிக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு அரசு வேலைக்கு நிற்கலாம். வராவிட்டால் ஆயுசுக்கும் லைனும் ஷிப்ட்டும்தான். இதற்கு மேல் எனக்கு வேறு வழி எதுவும் இருக்கவில்லை. இருந்ததாக யாராவது சொன்னால் அவர்கள் லைனில் நின்று பார்க்கட்டும்.

இந்த நேரம் பார்த்துதான் ஷேர் ஆட்டோவில் ஒரு புண்ணியவான் அரிசி மூட்டையை என் பையின் மேல் சாய்த்தான். துப்பாக்கிக் குழலின் முனையில் அலுமினிய ட்யூப் ஒன்று மாட்டியிருக்கும். குண்டு அதன் நடுவே, எங்கும் படாமல் போகவேண்டும். குறி பார்க்கும் வளையமும் அதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த ட்யூப் நசுங்கிவிட்டது. பயிற்சியாளர் வேறொரு ட்யூப்பைக் கிளப் தோழி கையில் கொடுத்தனுப்பி, போனிலும் சொன்னார்: "கழட்டி மாட்டுறது பெரிய வேலையில்லம்மா. அடியில ரெண்டு குட்டி ஸ்க்ரூ. விரலால இறுக்கினா போதும், ட்யூப் தானா நேரா உக்காந்துக்கும்."

தேர்வுக்கு முந்தைய நாள் நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்கி எழுந்து மாட்டிக்கொள்ளலாம் என்று படுத்தேன். லீவு கேட்டிருந்தேன், சூப்பர்வைசர் தரவில்லை.

நான் எழுந்தபோது மதியம் தாண்டியிருந்தது. துப்பாக்கி பாயின்மேல் விரித்த துணியில் படுத்திருந்தது. புது ட்யூப் மாட்டியாகிவிட்டது. பக்கத்தில் அண்ணன் முகம் கொள்ளாத சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டி, எழும்பி வந்து பாரு. நீ தூங்குத நேரத்துல நானே பூட்டிட்டேன்."

"விரலால இறுக்குனா போதும்னு சொன்னாருண்ணே."

"விரலால இறுக்குததா? எங்க லைன்ல அப்படி விட்டா அன்னைக்கே கேட்டுக்கு வெளிய நிக்கணும். மரையத் தொடச்சி, ட்யூப் உள்ளயும் சுத்திப் பசை போட்டு, நல்லா அமுக்கி இறுக்கியிருக்கேன். நாளைக்கு நீ எத்தன குண்டு சுட்டாலும் ஆடாது."

இரண்டு திருகுகளிலும் மஞ்சள் கோடு. எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொட்டைக் குறி பார்த்தேன். வளையம் நேராக நின்றது. குறி ட்யூப்போடு சேர்ந்தே சாய்ந்திருந்தால் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும் என்பது சுட்டுப் பார்க்கும்போதுதானே புரியும்?

மறுநாள் போட்டிக்கு முன் சரிபார்க்கும் குண்டுகளைச் சுட்டேன். ஒன்று இடது ஓரம் போனது. குறியைத் திருத்தினேன். அடுத்தது கீழே. அதற்கடுத்தது எங்கேயோ. மூச்சை மாற்றினேன், தோளை மாற்றினேன், சாமியைக் கூப்பிட்டேன். பயிற்சியாளர் ஓடிவந்து துப்பாக்கியை வாங்கி, குண்டில்லை என்று உறுதி செய்துகொண்டு, டார்ச் அடித்து ட்யூப்பைப் பார்த்தார். உள் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் குண்டின் ஈயம் தீற்றியிருந்தது. பசை ஒரு பக்கம் கூடுதலாக நின்று, ட்யூப் மயிரிழை சாய்ந்து இறுகிவிட்டிருந்தது. குண்டு ஒவ்வொன்றும் அதை உரசிக்கொண்டு இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யாரும்மா இதுல பசை போட்டது?"

என் கண் மஞ்சள் கோட்டுக்குப் போனது. அவர் திருகுச் சாவியைப் போட்டுத் திருகினார். திருகின் தலைதான் மழுங்கியது, திருகு அசையவில்லை. சூடு காட்டினால் பசை விடும், ஆனால் துப்பாக்கியின் காற்று அடைத்த சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கிறது, இங்கே நெருப்பு கூடாது என்றார். அங்கே இருந்த மற்ற துப்பாக்கிகள் எல்லாம் வலதுகைக்காரர்களுடையவை. என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சுட்டேன். எல்லாக் குண்டுகளையும் சுட்டேன். நான் சரியாக நிற்கிறேன், சரியாக விடுகிறேன் என்று உடம்புக்குத் தெரிகிறது, திரையில் வேறு யாரோ சுட்டதுபோல் எண் வருகிறது. பாதியில் எழுந்து போயிருக்கலாம். எதற்காக முடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முடித்துவிட்டு கழிப்பறைக்குப் போய்த் தாழ்போட்டு அழுதேன். துப்பாக்கியைக் கிளப்பிலேயே ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு ரயிலேறினேன்.

அண்ணன் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்திலேயே காத்திருந்தான். லைனில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறான், தங்கச்சி துப்பாக்கியை நான்தான் பூட்டினேன் என்று. பல வருடமாக அதே லைனில் நிற்கிறான், நிரந்தரம் செய்யவில்லை. அவன் பூட்டியது எதுவும் திரும்பி வந்ததில்லை என்பது ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்.

"என்னட்டி ஆச்சு?"

வழிநெடுக மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ சொன்னது. "கை நடுங்கிருச்சுண்ணே."

அவனுக்கு ஆத்திரம் வந்தது. "நான் அம்புட்டுப் பக்குவமா பூட்டித் தந்தேன்லா? உன் கையக் கூடவா நான் வந்து பிடிக்க முடியும்?"

அந்த வருடத்தோடு அந்த வயதுப் பிரிவு எனக்கு முடிந்தது. பயிற்சியாளர் இரண்டு முறை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. இப்போதும் அதே செல்போன் லைனில்தான் நிற்கிறேன். ஊரில் யாராவது துப்பாக்கிச் சுடுதல் என்னவாயிற்று என்று கேட்டால் நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிடுகிறான்: "துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல. இவளுக்குத்தான் கை நிக்கல." நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.