கடலா, மழைத் தண்ணியா?

கொட்டாஞ்சேனையில் ரிமோட் கார் திருத்தும் சப்ரியின் கடையில் இராமலெட்சுமிக்கு ஒரு மேசை இருந்தது. அந்தத் திருத்துவேலை மேசையில் உட்கார அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. அவளை எழுப்பிவிட என்னுடைய ஒரு சொல் போதுமாயிருந்தது.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. தகப்பன் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவர். வீடு மட்டக்குளியில். ஒரு பெக்டரியில் ஈயம் பற்றவைக்கப் பழகியிருந்தாள். ஆனால் சப்ரி கொடுத்தது பெட்டி கட்டும் வேலை. மற்றவர்கள் கைவிட்ட ஒரு வண்டியை அவள் ஓடவைத்த பிறகுதான் மேசை கிடைத்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. பிழையான சாமான் கொடுத்தாள் என்று ஒரேயொரு ஆள் திரும்பி வந்தாலும் பழையபடி பெட்டி கட்ட வேண்டும். கடையிலிருந்த ஆண்கள் எவருக்கும் அந்த நிபந்தனை இல்லை. சப்ரி இதைப் பகிடியாக என்னிடம் சொன்னபோது நானும் சிரித்தேன்.

நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். அறுபத்திரண்டு வயதில் எனக்கே எனக்கென்று ரிமோட்டில் ஓடும் ஒரு மொன்ஸ்டர் ட்ரக் வாங்கிவிட்டு, பேரனுக்கு என்று சொல்லித் திரிந்தேன். அதன் முன்சில்லுகளைத் திருப்பும் சின்ன மோட்டர், சேர்வோ, தண்ணீர் புகுந்து நின்றுபோனது. நனைந்தாலும் பழுதாகாத ஒன்றைத் தேடிச் சப்ரியிடம் போனேன்.

"கடல்ல ஓட்டுவீங்களா சார், இல்ல மழத் தண்ணியிலயா?" என்று இராமலெட்சுமி கேட்டாள்.

"வோட்டர்புரூஃப் எண்டால் எல்லாத் தண்ணிக்கும்தானே?"

"இல்லீங்க சார். நீங்க இப்ப கையில எடுத்து வச்சிருக்கிறதுல தண்டு இரும்பு. உப்பு பட்டா துருப்பிடிக்கும். துரு உள்ள இருக்கிற ரப்பர் வளையத்த அறுத்துரும், அப்புறம் தண்ணி போகும். கடலுக்குன்னா இந்த பிளாஸ்டிக் எடுங்க. பலம் கொஞ்சம் கம்மி, ஆனா உழைக்கும்."

அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. என் காதில் விழுந்தது தோட்டத்துத் தமிழ் மட்டுமே. எங்கள் வீட்டுக் குசினியில் வேலைக்கு நின்ற பெண்களை அதட்டும் அதே குரலில், அவளுக்குப் பதில் சொல்லாமல், உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன்: "சப்ரி, விசயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

அவள் பிளாஸ்டிக் சேர்வோவை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். இரும்புத் தண்டுள்ளதையே சுற்றித் தந்தாள்.

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால், அலை வந்து திரும்பும் ஈர மணலில் ட்ரக்கை ஓட்டினேன். மூன்றாம் வாரம் சில்லு இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றது. கோபத்தோடு கடைக்குப் போனேன்.

அவள் சேர்வோவைக் கழற்றினாள். தண்டைச் சுற்றித் துரு, உள்ளே வெள்ளைப் பொருக்கு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு."

"உன்ட கை வேர்வையும் உப்புத்தான்," என்று சப்ரி சிரித்தார். பிறகு என்னிடம், "கடல்ல விட்டீங்களா மாஸ்டர்?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ சொன்னதுதான் சரி என்று அவள் முன்னால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"இல்லை," என்றேன்.

"மாஸ்டர் பொய் சொல்ல மாட்டாரு தங்கச்சி."

அவள் திருப்புளியைத் துடைத்து வைத்துவிட்டு, பெட்டி கட்டும் மூலைக்குப் போனாள். எனக்கு இன்னொரு சேர்வோ சும்மா கிடைத்தது.

நாலு நாள் அதைப் பிரிக்கவில்லை. பார்க்கவே கூசியது. ஐந்தாம் நாள் கொண்டுபோய்ச் சப்ரியின் முன்னால் வைத்தேன்.

"நான் பொய் சொன்னனான். கடலிலதான் ஓட்டினனான். இந்தப் பிள்ளை முதல்லயே சொன்னவ."

"அட, இதுக்கா வெள்ளவத்தையில இருந்து வந்தீங்க?" என்ற சப்ரி மூலைப் பக்கம் திரும்பினார். "லெட்சுமி, நீ மேசைக்குப் போ."

அவ்வளவுதான். என் சொல்லில் போன மேசை என் சொல்லிலேயே திரும்பியது. துருவைக் காட்டி, உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து அவள் சொன்னதற்கு இரண்டு தடவையும் மதிப்பில்லை. அத்தாட்சி அவள் கையில் இருந்தது. நம்பிக்கை என் வெள்ளைச் சட்டைக்குப் போனது. இதற்குப் பெயர் நியாயமென்றால் அநியாயத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கடல்ல ஓட்டுவீங்களா சார், இல்ல மழத் தண்ணியிலயா?"

"கடலில."

பிளாஸ்டிக் சேர்வோவை எடுத்து வைத்தாள். பிறகு பில் துண்டைக் கவிழ்த்து, பேனாவோடு என் பக்கம் தள்ளினாள்.

"அத இதுல எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார்."

"அடியே, மாஸ்டர்கிட்டயா கையெழுத்துக் கேக்குற?" சப்ரி விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

'கடல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் அதை ஒரு தடவை வாசித்து, மடித்து, மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினாள்.