வெள்ளித்தாள் சுற்றிய பாட்டில்

தினமும் காலையில் கொடியில் தொங்கும் என் வேட்டிகளுக்கு நடுவே குனிந்து புகுந்து, இரண்டு பாட்டில்களைச் சுவரோரம் வைக்கிறாள் பக்கத்து வீட்டு மஹதி. இரண்டிலும் சிவப்புச் சாயத்தண்ணீர், ஒரே அளவு வெள்ளைப் பொடி. ஒன்று வெயிலுக்கு. இன்னொன்றுக்குச் சப்பாத்தி மடிக்கும் வெள்ளித்தாளை இடுக்கு விடாமல் சுற்றியிருப்பாள். மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடிதான் அவளுக்குச் சோதனைக்கூடம். வேட்டியில் சிவப்பு தெறித்தால் கத்துவேன். மற்றபடி அவள்மேல் எனக்குப் பிரியம்தான்.

கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறாள். "வெயில் பட்டா இந்தப் பொடி சாயத்தை உடைச்சுடும் மாமா. பொடி தீராது, மறுபடியும் வேலை செய்யும்" என்பாள்.

போன மாதம் வெயிலில் வைத்த ஒரே பாட்டிலில் தண்ணீர் தெளிந்தது. கையோடு ராயப்பேட்டைக்கு ஓடினாள். அங்கே துப்பட்டாவுக்குச் சாயம் போடும் ஜஹீதாவை, சாக்கடையில் மறுபடி சிவப்பு ஓடினால் கொட்டகையை மூடுவோம் என்று அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். பொடி போட்டதும் தொட்டித் தண்ணீரும் தெளிந்தது. ஜஹீதா நம்பி அதைச் சாக்கடையில் திறந்துவிட்டார். அடியில் தங்கிய பொடியைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அவ்வளவுதான், சிவப்பு மொத்தமும் கழன்று தெருவில் ஓடியது. சாயம் உடையவே இல்லை, பொடியில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. மறுநாளே கொட்டகைக்குச் சீல்.

"வெயில் படாம ஒரு பாட்டில் வெச்சுப் பாத்திருக்கணும். அதுவும் தெளிஞ்சா, சாயம் ஒட்டிண்டுதான் இருக்கு, உடையலைன்னு அர்த்தம். முதல் வருஷப் பசங்களுக்கு நானே சொல்லித்தர பாடம் மாமா இது."

ஜஹீதா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இவளை அரிக்கிறது. அடிக்கடி ஃபோன் மட்டும் வரும். "இன்னாம்மா, எதுனா வழி கெடச்சுதா? நமக்கு வேற தொழில் தெரியாதும்மா."

பொடியை மாற்றினாள், அளவை மாற்றினாள். சுத்தத் தண்ணீரில் சாயத்தை உடைக்கிற பொடி, கொட்டகைத் தண்ணீரில் சாயம் பிடிக்கப் போட்ட உப்பைக் கண்டதும் படுத்துவிடுகிறது.

நேற்றுச் சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். வெயில் பாட்டில் நன்றாகத் தெளிந்திருந்தது. மஹதி அதைப் பார்க்கவே இல்லை. மற்றதன் வெள்ளித்தாளை மெல்லப் பிரித்தாள். அதுவும் அதே தெளிவு. அடியில் பொடி சிவந்து கிடந்தது.

ஃபோன் அடித்தது. திரையில் ஜஹீதாவின் பெயர். அவள் எடுக்கவில்லை. வெள்ளித்தாளின் கசங்கலைத் தரையில் வைத்து நீவி, அந்தப் பாட்டிலை முன்பிருந்தபடியே சுற்றி மூடினாள்.