கடைசியா திட்டின நேரம்

எங்க பக்கத்துல ஒருத்தருக்குக் கை தூக்க வரலைன்னா வண்டியைப் புத்தூருக்குத்தான் திருப்புவாங்க. மரத்துலேர்ந்து விழுந்தாலும் சரி, பஸ் கதவுல சிக்கினாலும் சரி, புத்தூர் கட்டு போட்டா எலும்பு கூடிடும். பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பட்டை, மேல துணி. மெட்ராஸ்லேர்ந்தே கார் போட்டுக்கினு வர்றாங்க. நகரியிலேர்ந்து நாங்க போவ மாட்டோமா?

அதனால என் வலது கை ஒரு காலையில தோள்லேர்ந்து சும்மா தொங்கினப்போ, எங்க போறதுன்னு யாரும் யோசிக்கலை.

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுறேன். படிக்கிறவங்க அவசரப்படக் கூடாது.

அன்னிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்னு பக்கெட்டைத் தூக்கினேன். பக்கெட் வரலை. இன்னொரு தடவை தூக்கினேன். பக்கெட் அங்கேயே இருந்துச்சு, நான்தான் கீழே போனேன். வலின்னு ஒண்ணும் இல்லை. சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கினு, பக்கெட்டையே பார்த்துக்கினு இருந்தேன்.

வீட்டுக்காரர் வந்தார். "இன்னாமே, இங்க உக்காந்துகினு கீறே?"

பதில் மனசுல தயாரா இருந்துச்சு. வாய்க்கு வரலை. நான் அவருக்குப் பதில் சொல்லாம இருக்கிறது எங்க வீட்டுல புதுசு இல்லை. அதனால அவர் சந்தேகப்படலை. கையைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், அது விழுந்துச்சு.

"வழுக்கி வுழுந்து கையை ஒடைச்சுக்கினா. ஆட்டோ சொல்லும்மா, புத்தூருக்குப் போவணும்"னு மருமகளுக்குக் குரல் குடுத்துட்டு, நேரா கோழிக் கூடைக்குப் போனார். கடை முட்டையில கட்டு நிக்காதுன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. நாட்டு முட்டையைத் துண்டுல முடிஞ்சு எடுத்துக்கினு, ஆட்டோவுல என் பக்கத்துல அதை மடியில வச்சுக்கினு வந்தார். பள்ளம் வந்தா ஒரு கை முட்டை மேல போகும். என்னை மருமகதான் புடிச்சுக்கினா.

எங்க பையன் கம்பெனி வேலை. ஷிப்டுல போனை உள்ளே விட மாட்டாங்க. அவனுக்குச் சாயந்திரம்தான் தெரிஞ்சுது. அதனால அவனைப் பத்தி இங்க எழுத ஒண்ணும் இல்லை.

கட்டு போடுற இடத்துல எப்பவும்போல கூட்டம். பெஞ்சுல உக்கார வச்சாங்க. மருமக எனக்கு டீ வாங்கிக்கினு வந்தா. கூட்டத்துல யாரோ இடிச்சதுல டம்ளர் சாஞ்சு, டீ மொத்தமும் என் புடவை மேல. அது போன பொங்கலுக்கு எடுத்த புடவை.

அவ அப்படியே தலையைக் குனிஞ்சு நின்னா. வர்றதை வாங்கிக்கிறதுக்கு நிக்கிற நிப்பு அது. எனக்கு நல்லாத் தெரியும். கொஞ்ச நேரம் ஆச்சு. மெதுவா நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"மாமா, அத்தை திட்டலை."

"வலிம்மா. வலியில எங்க திட்டுவா."

"டெங்கு காய்ச்சல்ல படுத்துக்கினே திட்டினவங்க மாமா."

அது நிஜம்தான்.

அவ என் முன்னாடி குந்தி உக்காந்து, "அத்தை, கொஞ்சம் சிரிங்க"ன்னா. அவ சொல்லி நான் எந்த நாளும் சிரிச்சது இல்லை. இருந்தாலும் பத்துப் பேர் பார்க்கிறாங்களேன்னு முயற்சி பண்ணினேன். அவ முகம் மாறிப்போச்சு.

"மாமா, வாய் ஒரு பக்கமா போகுது. கை ஒடையலை. இது வாதம். எந்திரிங்க."

"கட்டு?"

"எலும்பு ஒடைஞ்சாதானே மாமா கட்டு?"

108 வண்டி வந்து என்னை ஏத்திக்கினு திருப்பதிக்குப் போச்சு. முட்டையும் கூடவே வந்துச்சு.

வாதம்னு சொன்னதும் எனக்கு என் மாமியார்தான் ஞாபகம் வந்தா. அவளுக்கும் வலது பக்கம்தான். அந்தக் காலத்துல சித்தூர் வரைக்கும் கொண்டுபோனோம். மாத்திரை எழுதிக் குடுத்து, வீட்டுல வச்சுப் பார்த்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. சாகிற வரைக்கும் கட்டில்தான். நான்தான் ஊட்டினேன். குறை வைக்கலை, ஊர்ல யாரை வேணா கேளுங்க. ஆனா ஊட்டுறவளுக்கு அடுப்புல வேலை காத்துக்கினு இருக்கும். அவ ஒரு வாய் மென்னு முடிக்கிறதுக்குள்ள அடுத்த வாய் அவ உதட்டுகிட்ட நிக்கும். அவ கண்ணு என் கையையே பார்த்துக்கினு இருக்கும். நான் யார் கையாலயும் துன்ன மாட்டேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணி வச்சது நல்லதாப் போச்சு. வண்டியில புதுசா யோசிக்க வேண்டி இல்லை.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டர். தெலுங்குலதான் பேசினார். முதல் கேள்வியே, "எப்ப வரைக்கும் நல்லா இருந்தாங்க?"

"நேத்து நல்லாத்தான் இருந்தா"ன்னார் வீட்டுக்காரர்.

"நேத்துன்னா ஊசி போட முடியாது. அந்த ஊசிக்கு நேரக் கணக்கு இருக்கு. லேட்டா போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். சரியா யோசிச்சுச் சொல்லுங்க."

மருமக முன்னாடி வந்தா. "இல்லை சார். இன்னிக்குக் காலையில ஏழரைக்கு நல்லா இருந்தாங்க."

"எப்படித் தெரியும்?"

"என்னைத் திட்டினாங்க."

"பேச்சு தெளிவா இருந்துச்சா?"

"ரொம்பத் தெளிவா சார். மோட்டார் ஆஃப் பண்ணலைன்னு ஆரம்பிச்சு, எங்க அம்மா வீடு வரைக்கும் போனாங்க."

"ஏழரைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"புள்ளைங்க ஸ்கூல் வேன் அப்பதான் வரும். வேன்காரர் ஆரன் கூட அடிக்காம கேட்டுக்கினு நின்னார்."

டாக்டர் சிரிக்கலை. ஏழரைன்னு எழுதிக்கினார். நான் பக்கத்துலயே படுத்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தேன். காது நல்லாத்தான் இருந்துச்சு.

ஊசி போட்டாங்க. முன்னாடியே எடுத்த ஸ்கேன்ல பார்த்தா, மூளைக்குப் போற பெரிய ரத்தக் குழாய்ல கட்டி அடைச்சுக்கினு இருக்காம். அவ்வளவு பெரிய கட்டியை ஊசி மட்டும் கரைக்காதாம். தொடை இடுக்குல இருக்கிற குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூபை மேல மூளை வரைக்கும் ஏத்தி, கம்பி வலையால அதைப் புடிச்சு இழுக்கணுமாம்.

"நோவு தலையில. தொடையில எதுக்குக் கை வைக்கிறீங்க?"ன்னார் வீட்டுக்காரர்.

"தலையைத் தொறக்காம இருக்கிறதுக்குத்தான் தாத்தா. உடனே பண்ணணும். பண்ணலைன்னா கை வர்றது கஷ்டம். பேச்சும் வர்றது கஷ்டம்."

பேச்சுன்னதும் அவர் கொஞ்சம் யோசிச்சார். அதை நான் பார்த்தேன். அப்புறம்தான் தலையாட்டினார். நான் இடது கையால வலது கையைத் தூக்கி டாக்டர்கிட்ட காட்டினேன். இதைச் சரிபண்ணுன்னு அர்த்தம்.

வாசல்ல செக்யூரிட்டி வீட்டுக்காரர் துண்டைக் காட்டி, இது இன்னான்னு கேட்டானாம்.

"நாட்டு முட்டை. கட்டுக்கு."

"இங்க கட்டு போட மாட்டாங்களே பெரியவரே."

"தெரியும்பா. திருப்பி எடுத்துக்கினு போவ ஆள் இல்லை."

அந்த ரூம்ல ஒரே குளிர். மயக்கம் குடுக்கலை, மரத்துப்போக மட்டும் ஊசி போட்டாங்க. ஆடாதீங்கம்மான்னு சொன்னாங்க, நான் என்ன கரகமா ஆடப்போறேன். பெரிய மெஷின் ஒண்ணு என் தலையைச் சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. மருந்து விட்டப்போ மண்டைக்குள்ள வெந்நீர் ஊத்தின மாதிரி சூடு ஏறி இறங்குச்சு. பக்கத்து டீவியில என் தலை தெரிஞ்சுது. இலை உதிர்ந்த வேப்பமரம் மாதிரி இருந்துச்சு. ஒரு பக்கம் ஒரு கிளை மொட்டையா நின்னுபோச்சு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்லை, வெறும் வெள்ளை.

என்னமோ இழுத்தாங்க. திரும்ப மருந்து விட்டாங்க. அந்தக் கிளை நுனி வரைக்கும் கருப்பா ஓடுச்சு.

"அம்மா, செய்யி எத்தண்டி"ன்னார் டாக்டர். கையைத் தூக்கச் சொன்னார்.

தூக்கினேன். ஒரு ஜாண் வந்துச்சு, நோவு புடிச்ச கோழி தலையைத் தூக்குற மாதிரி. அங்க இருந்தவங்களுக்கு அதுக்கே அவ்வளவு சந்தோஷம்.

எடுத்ததை வெள்ளைத் துணியில வச்சுக் காட்டினாங்க. புளி கரைச்சா விரல்ல ஒட்டுற சக்கை இருக்குமே, அந்த அளவுதான். இதுக்கா இவ்வளவு பேர்னு எனக்குத் தோணுச்சு.

வார்டுல பக்கத்துக் கட்டில்ல புத்தலப்பட்டுக்காரி ஒருத்தி. அவளுக்கு அடைப்பு இல்லை. தலைக்குள்ள ஒரு குழாய் பலூன் மாதிரி வீங்கி, வெடிச்சு ரத்தம் கசிஞ்சுதாம். அதே தொடை வழியாப் போய், அந்த வீக்கத்துக்குள்ள மெல்லிசு கம்பிச் சுருளை அடைச்சு மூடிட்டாங்களாம். அவ அண்ணனுக்கு இதே நோவுக்கு மண்டை ஓட்டைத் தொறந்துதான் பண்ணினாங்களாம். இவளுக்கு ஒரு தையல் கூட இல்லை. கம்பி பிளாட்டினமாம். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் தலையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னா. எனக்குச் சொல்லிக்க ஒண்ணும் இல்லை. என்கிட்டேர்ந்து எடுத்தாங்க, திருப்பி எதையும் வைக்கலை.

கை தூக்க வந்துச்சே ஒழிய, விரல் வரலை. இட்லியைத் தொட்டா நழுவுது. மருமக ஸ்பூன் எடுத்துக்கினா.

"அத்தை, வாயைத் தொறங்க."

நான் மூடிக்கினேன்.

"ஒரு வாய் அத்தை."

நான் புத்தலப்பட்டுக்காரி பக்கம் திரும்பிக்கினேன். அவ அவளோட கையால இட்லி துன்னுக்கினு இருந்தா. பிளாட்டினம் வேற.

சாப்பிடலைன்னா மூக்குல டியூப் போடுவோம்னு நர்ஸ் சொன்னா. அதனால கஞ்சியை டம்ளர்ல ஊத்தச் சொல்லி சைகை காட்டினேன். குடிக்கிறதுக்கு இடது கை தப்பில்லைன்னு நானே ஒரு சட்டம் போட்டுக்கினேன். வீடு திரும்புற வரைக்கும் கஞ்சியும் மோரும்தான்.

விரலுக்குப் பயிற்சி குடுக்கிற பொண்ணு மஞ்சள் கலர்ல ஒரு பந்து குடுத்து அமுக்கச் சொன்னா. நான் பந்தையும் அவளையும் பார்த்தேன். மறுநாள் மருமக வீட்டுலேர்ந்து கேழ்வரகு மாவைப் பிசைஞ்சு உருண்டையாக் கொண்டுவந்தா. "பந்து புடிக்க மாட்டாங்க மேடம். இதைப் புடிப்பாங்க." பயிற்சிக்காரி அதையும் அமுக்கிப் பார்த்துட்டு, சரின்னா. அதை நான் கிள்ளினேன், உருட்டினேன், திரும்பச் சேர்த்துக் கிள்ளினேன். முதல்ல உள்ளங்கையால. அப்புறம் கட்டைவிரல் வந்துச்சு. சுண்டுவிரல் கடைசி வரைக்கும் பிகு பண்ணிக்கினு இருந்துச்சு.

டாக்டர் தினம் வந்து பார்ப்பார். அவர் கேக்கிறதுக்கு ஆமா, இல்லைங்கிறதைத் தெலுங்குல அவுனு, லேதுன்னு சொல்ல வர ஆரம்பிச்சுது. தமிழ்ல வேணாம், தண்ணி, அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்புற அன்னிக்கு மருமககிட்ட, "பேச்சு எப்படி இருக்கு?"ன்னார்.

"பேசுறாங்க சார். இன்னும் திட்டலை."

அதையும் எழுதிக்கினார்.

வீட்டுக்கு வந்த மத்தியானம் மருமக களி கிண்டினா. முட்டைக் குழம்பு வச்சா. அதே முட்டைதான், வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி நாற்காலிக்கு அடியிலேயே வச்சுக் காப்பாத்திட்டார், ஒண்ணுகூட கெட்டுப்போகலை.

தட்டை என் முன்னாடி வச்சா. ஸ்பூன் வைக்கலை. வச்சுட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கினு, ஏற்கெனவே தேய்ச்ச பாத்திரத்தைத் திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சா.

நான் கையைக் களி மேல வச்சேன். சூடு தெரிஞ்சுது. கிள்ளினேன். வந்துச்சு, தூக்கினா பாதி வழியில தட்டுலயே விழுந்துச்சு. பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்னுச்சு. அவ திரும்பலை. திரும்பக் கிள்ளினேன், கட்டைவிரலால குழி போட்டு, குழம்புல தோய்ச்சு, வாய்ல போட்டு முழுங்கினேன். சுண்டுவிரல் தனியா நின்னுக்கினு இருந்துச்சு. அதோட உதவி எனக்கு வேண்டி இல்லை.

இன்னொரு வாய் போட்டேன். அப்புறம் சொன்னேன்.

"இன்னாடி களி கிண்டியிருக்க? ஒரே கட்டி. உங்க அம்மா வூட்டுல துடுப்பு புடிக்கக் கூட சொல்லிக் குடுக்கலையா?"

பாத்திரம் கீழே விழுந்துச்சு. "மாமா! ஓடியாங்க! அத்தை திட்டிட்டாங்க!"

அவர் ஓடி வந்தார். இன்னா சொன்னா, இன்னா சொன்னான்னு கேட்டார். அவ அழுதுக்கினே ஒரு வார்த்தை விடாம சொன்னா. சொல்லிட்டு, சுவத்துல மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்த்து வச்சுக்கினா.

களியில கட்டி ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் கிண்டியிருந்தா. அதை அவகிட்ட நான் சொல்லலை.